குப்புராஜ் சுத்தப்படுத்திய சத்தம்

காரிமங்கலம் பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் மைக் செட் கடை வைத்திருக்கும் குப்புராஜுக்கு ஒரே ஒரு சொல்லைக் கேட்டால் போதும், ஆம்ப்ளிஃபயரின் கோளாறு தெரிந்துவிடும். அந்தச் சொல் ‘சிறப்பு’. பழுது பார்த்து முடித்த ஒவ்வொரு பெட்டியிலும் மைக்கைச் செருகி மனைவி மணிமேகலையிடம் கொடுத்துவிட்டு, சந்து முனையில் இருக்கும் மாதுவின் டீக்கடை வரைக்கும் நடந்து போவார். அங்கே நின்றுகொண்டு கையைத் தூக்குவார்.

“சிறப்பு. சிறப்பு. சிறப்பு,” என்பாள் மணிமேகலை.

‘சி’ சீறக்கூடாது. ‘ற’ உடையக்கூடாது. ‘பு’ முடிந்த இடத்தில் சத்தம் நின்றுவிட வேண்டும், வால் நீளக்கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் பெட்டி மறுபடி மேசைக்குப் போகும்.

“ஏ மேகலை, இன்னொருக்கா சொல்லு.”

“இன்னும் எத்தினி வாட்டிங்க? அடுப்புல பால் வெச்சிருக்கறேன்,” என்று அவள் மைக்கிலேயே கேட்பாள். தெரு முழுக்கக் கேட்கும்.

“பால் பொங்கறது கூட தெளிவா கேக்குதுங்க அண்ணி,” என்பான் மாது.

குப்புராஜ் எட்டாவது வரை படித்தவர். தொழில் பழகியது சேலத்தில் ஒரு மைக் செட் கடையில். முதலில் குழாய் ஸ்பீக்கர்களைத் துடைத்தார், பிறகு ஒயர் சுற்றினார், பிறகு சாலிடரிங் இரும்பைப் பிடித்தார். மின்னணுவியல் புத்தகம் எதுவும் அவர் கைக்கு வரவில்லை. ஆனால் திறந்து பார்த்த பெட்டிகளில் ஒயர்கள் போகும் வழியை மனதில் வைத்துக்கொண்டார். ஆம்ப்ளிஃபயருக்கு வேலை ஒன்றுதான் என்பது அவர் கண்டுகொண்டது. உள்ளே போனதைப் பெரிதாக்கி வெளியே விட வேண்டும். தன் பங்குக்கு எதையும் சேர்க்கக்கூடாது. கோயில் திருவிழாவில் காணாமல் போன குழந்தையின் பெயரை மைக்கில் சொல்லும்போது, அந்தப் பெயர் மூன்று காடு தாண்டியும் அதே பெயராகக் கேட்க வேண்டும். கரகரப்பு என்பது கோளாறு. அதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை.

சேலத்தில் கற்ற இன்னொரு பழக்கமும் அவரிடம் இருந்தது. பழைய பெட்டிகளில் பல்பு போல எரியும் கண்ணாடி வால்வைக் கழற்றினால், அதை முழுதாக வைக்க மாட்டார். களைத்துப்போன வால்வைத் துடைத்து, புது டப்பாவில் போட்டு, புதிது என்று அடுத்தவன் தலையில் கட்டுகிறவர்கள் அந்தக் காலத்தில் நிறைய இருந்தார்கள். அந்தப் பழி தங்கள் கடைக்கு வரக்கூடாது என்பதற்காக, கழற்றியதும் துணியில் சுற்றி கட்டிங் பிளேயரால் ஒரு தட்டுத் தட்டிவிடுவது அந்தக் கடையின் முறை. குப்புராஜும் அப்படியே செய்வார். வாடிக்கையாளர் எதிரே நின்றாலும் செய்வார், நிற்காவிட்டாலும் செய்வார். ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும். நேர்மையின் சத்தம் என்று அவர் அதை நினைத்திருந்தார்.

இப்போது வருபவை பெரும்பாலும் டிரான்சிஸ்டர் பெட்டிகள். வால்வு பெட்டி எங்காவது கிடைத்தால் மற்ற கடைக்காரர்கள் அவரிடம் அனுப்பிவிடுவார்கள். அப்படித்தான் போன ஐப்பசியில் சகாயராணியும் அவள் மகள் ஷைனியும் ஆட்டோவில் ஒரு மரப்பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்கள்.

பெட்டி ஒரு சின்ன இரும்புப் பீரோவின் பாதி உயரம். முன்பக்கத் துணி கிழிந்திருந்தது. பெங்களூரில் ஒரு பழைய நடன விடுதியை இடித்தபோது, இடிக்கும் வேலைக்குப் போன சகாயராணியின் தம்பி அதைக் குப்பையிலிருந்து எடுத்து வந்தான். யார் கட்டியது என்று தெரியவில்லை. யாரோ கையால் கட்டியது என்பது மட்டும் உள்ளே பார்த்தால் தெரிந்தது.

“பத்து வருசமா இதும் மேலதாங்க மிக்ஸி வெச்சிருந்தேன்,” என்றாள் சகாயராணி. “சட்னி அரைக்கறதுக்கு சரியான உசரம். இவ கிடாரை எடுத்து இதுல சொருகுனா. அன்னையில இருந்து மிக்ஸிய தரையில வெச்சு குனிஞ்சு அரைக்கறேன்.”

ஷைனிக்கு இருபத்தாறு வயது. தருமபுரியில் ஒரு செல்போன் ஷோரூமில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ச் சர்ச்சில் கிடார் வாசிப்பாள். இந்தப் பெட்டியில் வாசித்ததைப் போனில் வீடியோ எடுத்து இணையத்தில் போட்டாள். பெங்களூரில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கும் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு அழைத்தார். நான்கு பாட்டுக்கு அவள் வாசிக்க வேண்டும். ஆனால் இந்தச் சத்தம்தான் வேண்டும், பெட்டியோடு வரவேண்டும் என்றார். பிடித்துப்போனால் தொடர்ந்து வேலை தருவதாகவும் சொன்னார்.

“அவர் பிடிக்குதுன்னு சொல்றதுக்கு முன்னாடியே இவ ஷோரூம்ல வேலைய வுட்டுட்டாங்க,” என்றாள் சகாயராணி. “இந்த மரப்பெட்டிய நம்பி.”

“எனக்கு ரெண்டே கம்ப்ளைண்ட்டுங்கண்ணா,” என்றாள் ஷைனி, அம்மாவைத் திரும்பிப் பார்க்காமல். “சும்மா இருக்கையில உர்ருன்னு ஒரு இரைச்சல். அப்பறம், கிடார் கையில இருக்கும்போது மைக்குல வாய் பட்டா சுர்ருன்னு அடிக்குது. அது ரெண்டும் போனா போதும்.”

“எப்ப ரெக்கார்டிங்கு கண்ணு?”

“வர்ற வெள்ளிக்கெழமைங்க.”

“புதன்கெழமை வந்து எடுத்துக்க. புதுசு மாதிரி ஆக்கித் தர்றேன்,” என்றார் குப்புராஜ்.

அவர் சொன்னதைச் செய்யவும் செய்தார்.

இரைச்சலுக்குக் காரணம் மின்சாரத்தைச் சமனாக்கும் பெரிய கண்டென்சர்கள் காய்ந்துபோனது. மாற்றினார். ஷாக்குக்குக் காரணத்தைக் கண்டபோது அவருக்கு முதுகு சில்லிட்டது. பெட்டிக்கு எர்த் கிடையாது, இரண்டு முள் பிளக். உள்ளே கரண்ட் ஒயருக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் ஒரு பழைய கண்டென்சர். அது முழுதாகப் பழுதாகியிருந்தால், சட்டத்தோடு சேர்ந்த கிடார் கம்பியே கரண்ட் கம்பி. கம்பியைப் பிடித்த கையோடு மைக்கில் உதடு வைத்திருக்கிறாள் அந்தப் பெண். அதை வெட்டி எறிந்துவிட்டு, மூன்று முள் பிளக் போட்டு, எர்த்தைச் சட்டத்தில் இறுக்கினார்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் மைக்கைச் செருகி மணிமேகலையிடம் கொடுத்தார். ‘சிறப்பு’ டீக்கடைக்கு வந்து சேர்ந்தபோது கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தது. அவள் குரலை உயர்த்தியதும் ‘ற’ உடைந்தது.

மீட்டரை வைத்துப் பார்த்தார். கரண்ட்டை ஏசியிலிருந்து டிசியாக மாற்றும் ரெக்டிஃபயர் வால்வு களைத்திருந்தது. மணிமேகலை மெதுவாகப் பேசும்போது வோல்டேஜ் நின்றது. சத்தமாகச் சொன்னதும் சரிந்தது. சொல்லி முடித்த பிறகு மெல்ல ஏறியது. இப்படிப்பட்ட வால்வுக்கு மைக் செட்காரர்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான். வால்வை எடுத்துவிட்டு, மிளகு அளவு டயோடுகளை வைத்துவிடுவார்கள். டயோடு களைக்காது, சரியாது. குப்புராஜும் வைத்தார். கழற்றிய வால்வைத் துணியில் சுற்றி ஒரு தட்டுத் தட்டினார்.

அடுத்து அவர் பார்த்தது அவரைத் திடுக்கிட வைத்தது. எந்த மைக் செட்டைத் திறந்தாலும் ஸ்பீக்கர் முனையிலிருந்து ஒரு ஒயர் பின்னோக்கிப் போகும். வெளியே போகிற சத்தத்தில் ஒரு துளியை எடுத்து முன் வால்வுக்கே திருப்பிக் கொடுக்கும். உள்ளே வந்ததற்கும் வெளியே போனதற்கும் வித்தியாசம் இருந்தால் வால்வு அந்த அளவுக்குத் தன்னைத் திருத்திக்கொள்ளும். அந்த ஒயரை அவர்கள் ‘ரிட்டன்’ என்பார்கள். இந்தப் பெட்டியில் ரிட்டன் இல்லை.

“எவனோ புடுங்கிட்டான்,” என்றார் மணிமேகலையிடம். “கண்டவன் கை வெச்சிருக்கறான்.”

ஒரு மஞ்சள் ஒயரையும் ரெசிஸ்டரையும் எடுத்து, தன் வாழ்நாளில் கண்ட நூற்றுக்கணக்கான பெட்டிகளில் இருந்ததுபோல் ரிட்டன் கொடுத்தார். ஒயர்களைக் குழாய்போல் நேராக்கிக் கட்டினார். கிழிந்த துணியைக்கூட மணிமேகலை தைத்துக் கொடுத்தாள்.

அன்றைய ‘சிறப்பு’ டீக்கடையைத் தாண்டிப் பேருந்து நிலையம் வரை போனது. கிருஷ்ணகிரி பேருந்தின் கண்டக்டர் எட்டிப் பார்த்தான்.

“என்னா தெளிவுங்க!” என்றான் மாது.

புதன்கிழமை ஷைனி கிடாரோடு வந்தாள். சகாயராணியும் கூட வந்தாள். பெட்டியை நடுக்கடையில் வைத்து, அவள் உட்கார ஸ்டூல் போட்டு, குப்புராஜ் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஷைனி செருகினாள். இரைச்சல் துளியும் இல்லை. அவள் முகம் மலர்ந்தது. கம்பிகளை ஓங்கி ஒரு வீச்சு வீசினாள்.

ஆறு கம்பிகளின் சத்தங்களும் ஆறு ஆணிகளாகத் தனித்தனியே வந்து நின்றன.

ஷைனியின் கை அப்படியே கம்பிமேல் நின்றுவிட்டது. மறுபடி வீசினாள். ஒரே கம்பியை இழுத்து மீட்டினாள். அது அடித்த இடத்தில் பிறந்து அதே இடத்தில் ஓய்ந்தது. சத்தக் குமிழைத் திருப்பினாள். சத்தம் கூடியது, வேறெதுவும் மாறவில்லை. அவள் உதடு வெளுத்துப்போனது. கிடாரை மடியில் சாய்த்துவிட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ சொல்லாமல் செத்துப்போனதைப் பார்ப்பது போல.

பேசியது சகாயராணிதான்.

“என்னாங்கண்ணா இது? டப்பாவ மாத்திட்டீங்களா?”

“என்னாம்மா சொல்றீங்க?”

“உள்ள இருந்ததெல்லாம் உருவிட்டு வேற போட்டுட்டீங்களா? நான் ஜெபமாலை சொல்லிக்கிட்டு இருக்கையில பக்கத்து ரூம்ல இருந்து கேக்குமே, அந்தச் சத்தம் எங்கீங்க?”

குப்புராஜுக்குக் காது அடைத்தது. கட்டியிருந்த கைகள் தாமாக அவிழ்ந்தன. சரியாக வேலை செய்யவில்லை என்று திட்டியவர்கள் உண்டு. தாமதம் என்று கத்தியவர்கள் உண்டு. இவ்வளவு நன்றாகக் கேட்கிறது, ஆகவே திருடிவிட்டாய் என்று ஒருவர் சொல்லி அவர் கேட்டதில்லை.

“இதுக்கு மேல சுத்தமா எவனாலயும் குடுக்க முடியாதும்மா!”

“சுத்தம் யாருங்க கேட்டாங்க?” என்றாள் ஷைனி. குரல் உயரவில்லை. அதுதான் அவரைக் குத்தியது.

அவள் போனை எடுத்து, காதில் மாட்டும் ஒயரை அவரிடம் நீட்டினாள். சர்ச் முற்றத்தில் எடுத்த பழைய பதிவு. குப்புராஜ் கண்ணை மூடிக் கேட்டார். கம்பியில் அடி விழுந்த கணத்தில் சத்தம் ஒரு எட்டு பின்வாங்கியது. பிறகு, கம்பி ஆடி ஓய வேண்டிய நேரத்தில், அது மேலே எழுந்தது. எழும்போது விளிம்பில் மெல்லிய கரகரப்பு. மெதுவாக மீட்டினால் கரகரப்பு இல்லை, ஓங்கி மீட்டினால் வருகிறது. விரல் எவ்வளவு அழுத்தியதோ அவ்வளவு வருகிறது.

“இது ஓவர்லோடு கண்ணு. பெட்டி தாங்க முடியாம திணறுது.”

“ஆமாங்கண்ணா. அதான் வேணும்.”

“திணறலா?”

“ஒப்பாரி வெக்கறவங்க குரல் மைக்ல பேசற மாதிரி சுத்தமாவா வரும்? அவங்க குரல் உடையுதுல்ல, அந்த எடத்துலதான நம்ம நெஞ்சு அடைக்குது. இந்தப் பெட்டி எனக்கு அந்த எடத்தைக் குடுத்துச்சுங்க.”

குப்புராஜ் காதிலிருந்து ஒயரைக் கழற்றினார். பின்வாங்கி எழுவது எதனால் என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மீட்டரில் கண்ணால் பார்த்தது அது. வோல்டேஜ் சரிந்து, மெல்ல ஏறியது. “களைச்சுப்போன ரெக்டிஃபயர் வால்வு கண்ணு, அதைக் கழட்டிட்டேன்,” என்றார்.

“பழையபடி எல்லாத்தையும் வெச்சிருங்க. அது போதும்,” என்றாள் ஷைனி. “அந்த வால்வையும்.”

உள்ளேயிருந்து மணிமேகலை எட்டிப் பார்த்தாள். “அந்தக் கண்ணாடி வால்வையா? அதைத்தான் அன்னைக்கே ஒடச்சுட்டாரே.”

ஷைனி எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். “ஒடச்சுட்டீங்களா,” என்றாள். கேள்வியாகக்கூட அது வரவில்லை. “எதுக்குங்க ஒடச்சீங்க? எரிஞ்சுக்கிட்டுதான இருந்துச்சு?”

ஏன் உடைப்பார்கள் என்று அவர் விளக்க ஆரம்பித்தார். துடைத்து விற்பவர்கள், புது டப்பா, சேலத்துக் கடையின் முறை என்று பாதி வரை போனதும், தன் வாயிலிருந்து வருவது தனக்கே கேட்டு நிறுத்திக்கொண்டார். நேர்மை என்று நினைத்துத் தட்டிய தட்டில் அந்தப் பெண்ணின் வேலை உடைந்திருக்கிறது. கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“அழாத கண்ணு.”

“நான் அழலீங்க,” என்றாள் ஷைனி. உண்மைதான், அவள் அழவில்லை. அழுதுகொண்டிருந்தது சகாயராணி.

கடத்தூரில் சின்னராஜ் என்று ஒரு மைக் செட்காரர் இருக்கிறார். குப்புராஜுக்கு முப்பது வருடப் பழக்கம், முப்பது வருடப் போட்டி. எந்தப் பழைய சாமானையும் அவர் தூக்கிப் போட மாட்டார். குப்புராஜ் போன் செய்து வால்வின் எண்ணைச் சொன்னார்.

“ரெக்டிஃபயர் வால்வா? நீயா கேக்கற?” சின்னராஜ் சிரித்தது போனுக்கு வெளியே கேட்டது. “ஊர்ல இருக்கற வால்வையெல்லாம் தட்டித் தட்டி ஒடச்சவன் நீ. இப்ப என்கிட்ட வர்றியா?”

“இருக்குதா இல்லையா, அதைச் சொல்லு.”

“இருக்குது. டப்பா பிரிக்காதது. வந்து ‘அண்ணா’ன்னு கூப்புட்டு வாங்கிட்டுப் போ.”

குப்புராஜ் பைக்கில் கடத்தூர் போய், தன்னைவிட இரண்டு வயது இளையவரை அண்ணா என்று கூப்பிட்டு, வால்வை வாங்கிக்கொண்டு வந்தார். அவர் வரும்வரை தாயும் மகளும் மணிமேகலை போட்ட சாப்பாட்டைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

டயோடுகளை எடுத்துவிட்டு வால்வைச் செருகினார். ஷைனி மீட்டினாள். ஆணிகளின் கூர்மை கொஞ்சம் மழுங்கியது. அவ்வளவுதான். புது வால்வு, இளவட்டம் போல விறைப்பாக நின்றது. சரிய மாட்டேன் என்றது. ஷைனி தலையை ஆட்டினாள்.

அதன் பிறகு குப்புராஜ் செய்தது, அவர் கைக்கு அன்றுவரை பழக்கமில்லாத வேலை. நல்ல வால்வைக் கெட்ட வால்வு போல நடக்கச் செய்ய வேண்டும். வால்வுக்கும் முதல் கண்டென்சருக்கும் நடுவில் வெள்ளை சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்றை வைத்தார். கரண்ட் அதிகம் கேட்டால் அது தடுக்கும், வோல்டேஜ் சரியும். மீட்டரை மாட்டிவிட்டு ஷைனியை மீட்டச் சொன்னார். முள் சரிந்தது.

“வுழுதுங்க,” என்றாள் சகாயராணி, முள்ளைப் பார்த்துக்கொண்டே.

“வுழட்டும்,” என்றார் குப்புராஜ். அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்ததை அவரால் நம்ப முடியவில்லை.

பெட்டியை அணைத்து, கண்டென்சரில் தங்கிய கரண்ட்டை இறக்கி, வேறு ரெசிஸ்டர் வைத்து, மறுபடி போட்டு, மறுபடி கேட்டு. ஒவ்வொரு முறையும் ஷைனி அதே நான்கு ஸ்வரங்களை மீட்டினாள். கூடுதலாக வைத்தால் சத்தம் இழுவையாகத் துவண்டது. குறைத்தால் விறைத்தது. நடுவில் ஓரிடத்தில் அவள் புருவம் தளர்ந்தது.

“பின்னாடி போறது வந்துருச்சுங்க,” என்றாள். “ஆனா மேல எழ மாட்டேங்குது. கரகரப்பும் இல்ல. ஏதோ ஒண்ணு புடிச்சு வெச்சிருக்குது.”

குப்புராஜ் கவிழ்த்த பெட்டியின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மாற்றிய கண்டென்சர்களைப் பார்த்தார். அவை இரைச்சலைப் போக்க, அவற்றை அப்படியே விட வேண்டும். எர்த்தைப் பார்த்தார்.

“அதையும் எடுத்துப் பாருங்களேன்,” என்றாள் ஷைனி. “அந்த ஷாக் அடிக்கற கண்டென்சரையும் பழையபடி வெச்சுருங்க. முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே.”

“அது முடியாது.”

“அதுலகூட சத்தம் இருந்துச்சோ என்னமோ.”

“அதுல சாவுதான் இருந்துச்சு கண்ணு. அதை வெக்க மாட்டேன். வேற கடைக்குப் போனாலும் அவங்களையும் வெக்க வுட மாட்டேன்.”

சகாயராணி மகளைப் பார்த்தாள். ஷாக் என்று மகள் விளையாட்டாகச் சொன்னது என்ன என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு மகளின் தோளில் சுளீரென்று ஒன்று வைத்தாள்.

“ஏம்மா!”

“வாய் வெச்சுப் பாடுனியேடி, ரெண்டு வருசமா!”

அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது குப்புராஜ் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் தொட்டுக்கொண்டு போனார். தான் மாற்றியது எது, மாற்றாதது எது. எல்லாம் பார்த்தாகிவிட்டது. மஞ்சள் ஒயர்மேல் கண் போனது. அதைத் தாண்டி அடுத்ததற்குப் போனது. பிறகு திரும்பி வந்தது.

அந்த ஒயரை அவர் மாற்றவில்லை. இல்லாததைச் சேர்த்திருந்தார். ஆகையால் அது அவருடைய கணக்கில் வரவே இல்லை. எவனோ பிடுங்கியதைத் தான் திருப்பி வைத்ததாகத்தான் அவர் மனம் எழுதியிருந்தது. பிடுங்கிய தடம் இருந்ததா? முனையில் பழைய ஈயம் இருந்ததா? விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். அவர் வைத்த ஈயத்தைத் தவிர அந்த முனையில் எதுவும் இல்லை. யாரும் பிடுங்கவில்லை. கட்டியவன் வைக்கவே இல்லை. வேண்டாம் என்று விட்டிருக்கிறான்.

மைக் செட்டில் அந்த ஒயர் தவறைத் திருத்தும். இங்கே அந்தப் பெண் விரலால் அழுத்துகிற அழுத்தத்தையே அது தவறு என்று எடுத்துக்கொண்டு, அவள் அழுத்த அழுத்தத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறது. தன் கடையிலேயே சிறந்த வேலை என்று அவர் நினைத்த வேலை அது.

“என்னாங்க?” என்றாள் மணிமேகலை. “பேயடிச்ச மாதிரி உக்காந்திருக்கறீங்க?”

அவர் அணைத்து, கரண்ட்டை இறக்கி, கட்டரை எடுத்து மஞ்சள் ஒயரை வெட்டினார். பெட்டியை நிமிர்த்தி வைத்து, வால்வுகள் சூடேறக் காத்திருந்தார். பிறகு ஷைனிக்குக் கையைத் தூக்கிக் காட்டினார்.

அவள் அடித்தாள்.

மேசைமேல் இருந்த ஸ்க்ரூக்கள் அதிர்ந்தன. சத்தம் முன்னே வந்து, பின்வாங்கி, பிறகு கூரையைத் தேடி எழுந்தது. எழுந்த இடத்தில் உடைந்தது. உடைந்த பிறகும் நின்றது. மணிமேகலை கையிலிருந்த தட்டோடு உறைந்துபோனாள். சந்து முனையிலிருந்து மாது டீ வடிகட்டியோடு ஓடி வந்தான்.

“என்னாச்சுங்கண்ணா? செட்டு போயிருச்சா?”

“போகல,” என்றார் குப்புராஜ். “வந்துருச்சு.”

அவருடைய முன்கை மயிர்கள் நின்றிருந்தன. அதை மறைக்கச் சட்டைக் கையை இறக்கிவிட்டார். கெட்டுப்போன சத்தம்தான் அது, அதில் அவருக்கு மாற்றுக் கருத்து இல்லை. மணிமேகலை ‘சிறப்பு’ என்று சொன்னால் ஒரு எழுத்துகூடப் புரியாது. ஆனாலும் அவர் உட்காரவில்லை. இன்னொரு முறை அடிக்கச் சொல்லலாமா என்று கூச்சப்பட்டுக்கொண்டு நின்றார்.

ஷைனி நீண்ட நேரம் வாசித்தாள். முடித்தபோது சிரிக்கவில்லை.

“அதுவேதானா கண்ணு?”

அவள் யோசித்தாள். “இல்லீங்கண்ணா. கிட்ட வந்துருச்சு. ஆனா அது இல்ல. பழசுல கடைசியில ஒரு நடுக்கம் வரும். அது இதுல இல்ல.”

அது அந்த வால்வோடு போயிருந்தது.

வெள்ளிக்கிழமை குப்புராஜும் கூடப் போனார். அங்கே எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் அந்தப் பெண்ணைக் கம்பியைத் தொட விட மாட்டேன் என்றார். “போங்க. அங்கயும் போயி யாரையாச்சும் ‘சிறப்பு’ சொல்லச் சொல்லிறாதீங்க,” என்று மணிமேகலை அனுப்பி வைத்தாள். பேருந்தில் பெட்டிக்கு ஒரு டிக்கெட் எடுக்க வேண்டும் என்று கண்டக்டர் சொன்னார். சகாயராணி அவரோடு ஓசூர் வரை வாதாடிக்கொண்டே வந்தாள்.

ஒலிப்பதிவுக் கூடம் ஒரு வீட்டின் மாடியில் இருந்தது. அதை வைத்திருந்தவர் நடுத்தர வயதுக்காரர், கன்னடம் கலந்த தமிழ். அதிகம் பேசவில்லை. குப்புராஜ் சுவரில் எர்த்தைச் சோதித்து முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். பெட்டியின் முன்னால் அவர் மைக்கை வைத்த விதத்தைக் குப்புராஜ் கவனித்தார். காய்ச்சல் பிள்ளையின் வாயருகே காதை வைப்பது போல, சற்றுச் சாய்த்து, விரலால் தூரம் அளந்து வைத்தார்.

ஷைனி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். குப்புராஜும் சகாயராணியும் இந்தப் பக்கம், ஒலிப்பதிவுக்காரருக்குப் பின்னால். அவர் முதலில் போனிலிருந்த பழைய பதிவைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். பிறகு ஷைனியை அதையே வாசிக்கச் சொன்னார். வாசித்தாள்.

“இது அது இல்லை,” என்றார் அவர்.

சகாயராணி குப்புராஜின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷைனியின் முகம் கடையில் வெளுத்தது போலவே வெளுத்தது. ஆனால் அவள் மைக்கை நோக்கிக் குனிந்து, “ஆமாங்க, அது இல்ல,” என்றாள். “அந்தப் பெட்டியில ஒரு வால்வு போயிருச்சு. அது இனி வராது. இப்ப இருக்கறது இதுதான்.”

“கடைசி நடுக்கம் இல்லை.”

“இல்லீங்க.”

அவர் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். குப்புராஜ் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். தான்தான் உடைத்தவன் என்று சொல்லிவிடலாம். இந்தப் பெண்மேல் தப்பில்லை, இன்னொரு வால்வு தேடித் தருகிறேன், பத்து நாள் கொடுங்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். சொற்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

“நீ உன் பாட்டுக்கு வாசி,” என்றார் ஒலிப்பதிவுக்காரர் உள்ளே பார்த்து. “அந்த வீடியோவை விடு. இந்தப் பெட்டிக்கு என்ன வருமோ அதை வாசி. நான் கேட்டுப் பார்க்கறேன்.”

ஷைனி சற்று நேரம் கம்பிகளைத் தொடாமல் இருந்தாள். பிறகு வாசித்தாள். முன்பு நடுக்கத்துக்காகக் காத்திருந்த இடங்களில் அவள் இப்போது காத்திருக்கவில்லை. சத்தம் எழும்போதே அடுத்த ஸ்வரத்துக்கு அதைக் கைமாற்றிவிட்டாள். கடையில் அவள் இதை வாசித்ததே இல்லை. எங்கேயும் வாசித்திருப்பாள் என்று குப்புராஜுக்குத் தோன்றவில்லை. ஒரு இடத்தில் அவள் ஓங்கி அடித்தாள். பெட்டி திணறியது. திணறட்டும் என்று அவள் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள், அது தானாக ஓயும்வரை.

குப்புராஜ் எழுந்தார். “சார், ஒரு விசயம் சொல்லணுங்க. அந்த வால்வை...”

ஒலிப்பதிவுக்காரர் திரும்பாமலே ஒரு கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். மறுகை ஒரு பொத்தானை அழுத்தியது.

“முதல் பாட்டு முடிஞ்சது,” என்றார் உள்ளே பார்த்து. “ரெண்டாவது போலாமா?”

“பதிஞ்சுட்டீங்களா?” ஷைனியின் கண்கள் விரிந்தன. “கேட்டுப் பாக்கறேன்னுதானங்க சொன்னீங்க?”

“கேட்டேன்,” என்றார் அவர்.

குப்புராஜ் நின்றபடியே இருந்தார். சகாயராணி அவர் சட்டையை இழுத்து உட்கார வைத்தாள்.